மூன்றாவது தடவை

சென்ற மாதம் சில நாட்கள் திருகோணமலைக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற பத்திரிகையாளனுக்கு ஊரில் பெரிதாக வேலை ஒன்றும் இருப்பதில்லை. காலையில் சந்தைப் பக்கம் ஒரு நடை, மாலையில் கடற்கரை, இடையில் பழைய நண்பர்களில் எஞ்சியிருப்போரைத் தேடிப் போய்ப் பார்ப்பது. இம்முறை அந்த ஒழுங்கு குலைந்தது. காரணம், என் தங்கையின் பேத்தி.

அவள் க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் இரண்டு தடவை பரீட்சை எழுதியவள். இரண்டாவது தடவையும் மருத்துவத்துக்குரிய வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. ஆனால், மாத்தறையிலுள்ள ருகுணு பல்கலைக்கழகத்தில் மீன்பிடி, கடல் விஞ்ஞானக் கற்கைநெறிக்குத் தெரிவாகியிருந்தாள். பதிவு செய்வதற்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. வீட்டில் போர் நடந்துகொண்டிருந்தது.

"மாமா, நீங்களே சொல்லுங்கோ. திருகோணமலையிலே பிறந்த பிள்ளை மீனைப் பற்றிப் படிக்க மாத்தறைக்குப் போக வேணுமா? இன்னும் ஒரு தடவை எடுத்தால் கட்டாயம் மெடிசின் கிடைக்கும்" என்றாள் என் மருமகள். பிள்ளையின் தந்தை துறைமுகத்தில் வேலை செய்பவர். பேச்சுக் குறைந்த மனிதர். தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார்.

பிள்ளை அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் நான் கோணேசர் கோயிலுக்குப் புறப்பட்டபோது, தானும் வருவதாகச் சொல்லி உடன் வந்தாள். வழியில்தான் வாயைத் திறந்தாள்.

"தாத்தா, எனக்குள்ள சந்தேகம் வேறே. மெடிசினா, மீனா என்பது அம்மாவுடைய பிரச்சினை. நான் உயிரியலுக்கே வந்திருக்கக் கூடாதோ என்றுதான் யோசிக்கிறேன். ஓ.எல். படிக்கும்போது எனக்குக் கணக்குத்தான் பிடிக்கும்."

நான் நடையை நிறுத்திவிட்டேன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னோடு வந்துகொண்டிருக்கும் ஒரு வாக்கியத்தை அவள் அப்படியே சொல்லிவிட்டாள்.

வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இனி என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

என் தந்தையார் பிரித்தானியக் கடற்படையின் டொக்யார்ட்டில் எழுதுவினைஞராக இருந்தவர். 1957 இல் அவர்கள் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, ஊரில் பலருக்குப் போனது போல அவருக்கும் வேலை போயிற்று. பின்னர் துறைமுகத்திலேயே வேறொரு சிறிய வேலை கிடைத்தது. கப்பல் வந்தால் வாழ்வு, கப்பல் போனால் தாழ்வு என்று இருந்த ஊர் அது. கப்பலை நம்பாத ஒரு தொழில் தம் மகனுக்கு வேண்டும் என்பதே அவருடைய ஒரே எண்ணம். அப்படிப்பட்ட தொழில் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. வைத்தியம்.

நான் உயர்தர வகுப்புக்குப் போனது 1971 இல். அந்த ஆண்டுதான் தரப்படுத்தல் என்ற சொல் எங்கள் வீடுகளுக்குள் வந்தது. 1970/71 கல்வியாண்டு அனுமதிக்கான புள்ளிகளைப் பத்திரிகை படிக்கும் ஒவ்வொரு தமிழ்த் தகப்பனும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். நான்கு பாடங்களுக்கு மொத்தம் 400 புள்ளிகள். மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும். பேராதனைப் பொறியியலுக்கு 227 உம் 250 உம். பௌதிக விஞ்ஞானத்துக்கு 183 உம் 204 உம். உயிரியல் விஞ்ஞானத்துக்கு 175 உம் 184 உம்.

எனக்குக் கணிதம் இயல்பாக வந்தது. தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்று கணிதப் பிரிவுக்குப் போகவே விரும்பினேன். தந்தையார் ஒரு கடதாசியில் அந்த எண்களை எழுதி என் முன்னால் வைத்தார். "இஞ்சினியருக்கும் 250, டொக்டருக்கும் 250. இரண்டுக்கும் ஒரே பாடுதான் பட வேணும். இஞ்சினியர் ஆனால் வேலைக்கு அரசாங்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேணும். டொக்டர் ஆனால் வீட்டு வாசலிலே ஒரு பலகையைக் கொழுவினால் போதும்" என்றார். அந்த வாதத்தில் பிழை சொல்ல எனக்கு வயதும் இல்லை, துணிவும் இல்லை. தாவரவியலும் விலங்கியலும் படிக்கப் போனேன்.

இன்று நினைத்துப் பார்க்கையில் ஒன்று விளங்குகின்றது. தரப்படுத்தல் எங்களிடமிருந்து பல்கலைக்கழக இடங்களை மட்டும் பறிக்கவில்லை. எனக்கு என்ன பிடிக்கும் என்ற கேள்வியையே பறித்துவிட்டது. எங்கே வாசல் கொஞ்சம் திறந்திருக்கின்றது என்பது மட்டுமே எங்கள் வீடுகளில் கேள்வியாக எஞ்சியது. அநீதி செய்யும் சேதங்களில் இந்தச் சேதத்தைப் பற்றி அதிகம் எவரும் எழுதியதில்லை. நானும் எழுதியதில்லை.

1972 இல் முதல் தடவை. போதவில்லை. 1973 இல் இரண்டாம் தடவை. மருத்துவத்துக்குப் போதவில்லை, ஆனால் உயிரியல் விஞ்ஞானத்துக்குப் பேராதனையில் இடம் கிடைத்தது. கடிதம் வந்தது. தந்தையார் அதை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "இன்னும் ஒரு தடவை" என்றார்.

பதிவு செய்வதற்கான இறுதித் திகதியன்று அவர் வேலைக்குப் போகவில்லை. முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். நான் உள்ளே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் வாசிக்காமல் இருந்தேன். இருவரும் அன்று முழுவதும் பேசவில்லை. தபால் கந்தோர் பூட்டும் நேரம் கடந்த பின்புதான் அம்மாவிடம் தேநீர் கேட்டார்.

1974 இல் மூன்றாம் தடவை எழுதினேன். அந்த ஆண்டு மாவட்ட அடிப்படையிலான ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அது பேரிடியாக இறங்கியது. எங்களைப் போன்ற மாவட்டங்களுக்கு நன்மை என்றார்கள். அந்த நன்மையும் எனக்குப் போதவில்லை. முன்னைய தடவையை விட என் புள்ளிகள் குறைந்திருந்தன. களைத்துப்போன மூளை அப்படித்தான் செய்யும். மருத்துவமும் இல்லை, விஞ்ஞானமும் இல்லை என்ற நிலையில் கொழும்புக்குப் புகைவண்டி ஏறி, ஒரு தமிழ் நாளிதழில் ஒப்புநோக்காளராகச் சேர்ந்தேன். மற்றவர்களுடைய பிழைகளைத் திருத்தும் வேலை. என் பிழையைத் திருத்த இயலாதவனுக்குப் பொருத்தமான வேலை என்று அந்நாளில் என்னை நானே நொந்துகொள்வேன்.

பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்தவை அதிகம். அதனால் இதைச் சோகக் கதையாகச் சொல்லவில்லை. தந்தையார் மட்டும் கடைசி வரை என் பெயர் அச்சில் வந்த பக்கத்தை வாசித்து முடித்துவிட்டு, "அந்தப் பேராதனைக் கடிதத்துக்குப் போயிருந்தால் இன்றைக்கு ஒரு வாத்தியாராகவாவது பென்சன் எடுத்திருப்பாய்" என்பார். போக விடாதவர் அவரே என்பதை நான் ஒருபோதும் ஞாபகப்படுத்தியதில்லை. அதை அவர் மறந்திருக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

கடற்கரை வீதியில் காந்தி சிலையைக் கடக்கும்போது நாங்கள் இருவருமே பேச்சை நிறுத்தினோம். அந்த இடத்துக்கு அருகில்தான் 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். அவர்களுடைய உடல்களைப் படம் பிடித்து, மிக அருகிலிருந்து சுடப்பட்டார்கள் என்ற உண்மையை வெளியே கொண்டுவந்தவர் 'சுடர் ஒளி' பத்திரிகையின் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24 ஆம் திகதி அவரும் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சான்று இல்லையென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள்.

என் பேத்தி அந்தச் சம்பவத்தின்போது பால்குடிப் பிள்ளை. ஆனால் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். "என்ன பாடம் படிக்கிறது என்று குழம்பிக்கொண்டு நிற்கிறதும் ஒரு கொடுப்பினைதான், என்ன தாத்தா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. இருபது வயதில் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு விளங்கியிருக்கக் கூடாது என்று தோன்றிற்று.

பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைந்து, மான்களைத் தாண்டி, சுவாமி மலையில் ஏறினோம். கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பாறை விளிம்பின் பக்கம் வந்து நின்றோம். கீழே கடல் கருநீலமாகக் கிடந்தது. அந்த நிறத்துக்குக் காரணம் உண்டு. கொட்டியாரக்குடாவை நோக்கி ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று கடலடியில் நீண்டு வருகின்றது. மகாவலி கங்கை கடலோடு கலப்பதும் அக்குடாவில்தான். கரைக்கு இவ்வளவு அருகில் இவ்வளவு ஆழம் இருப்பதாலேயே இது துறைமுகமாயிற்று. அதனாலேயே பருவகாலத்தில் நீலத் திமிங்கிலங்களும் இப்பக்கம் வருகின்றன.

அவளுக்கு இரண்டு மனிதர்களின் கதையைச் சொன்னேன்.

முதலாமவர் ஆர்தர் சி. கிளார்க். இந்தப் பாறைக்குக் கீழேதான் அவரும் மைக் வில்சனும் 1956 இல் சுழியோடினார்கள். 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய பழைய கோயிலின் தூண்களைக் கடலடியில் கண்டார்கள். கிளார்க்கை உலகம் அறிவியல் புனைகதை எழுத்தாளராக அறியும். செய்மதிகளைப் பூமியோடு ஒத்துச் சுழலும் பாதையில் நிறுத்தித் தொடர்பாடலுக்குப் பயன்படுத்தலாம் என்று 1945 இல் எழுதியவராகவும் அறியும். ஆனால் அவர் பாடசாலை முடித்தவுடன் பல்கலைக்கழகம் போகவில்லை. பணம் இருக்கவில்லை. இலண்டனில் அரசாங்கக் கணக்காய்வு எழுதுவினைஞராக வேலை பார்த்தார். போர்க் காலத்தில் விமானப்படையில் ராடார் பிரிவில் இருந்தார். போருக்குப் பின்னர்தான் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்து, 1948 இல் கணிதத்திலும் பௌதிகவியலிலும் முதல் வகுப்பில் தேறினார். அப்போது அவருக்கு வயது முப்பது.

இரண்டாமவர் ஹால் வைட்ஹெட். 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற சிறிய பாய்க்கப்பலில் வந்து, இந்து சமுத்திரத்தின் திமிங்கிலங்களை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர். திருகோணமலைக் கடலின் நீலத் திமிங்கிலங்களை உலக அறிவியலின் கவனத்துக்குக் கொண்டுவந்தது அந்தக் குழு. "அவர் பல்கலைக்கழகத்தில் முதலில் படித்தது என்ன தெரியுமா?" என்று கேட்டேன். "விலங்கியல்" என்றாள். "இல்லை பிள்ளை, கணிதம். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, அதன் பிறகுதான் விலங்கியலில் கலாநிதிப் பட்டம் எடுத்தார்."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. "திமிங்கிலத்துக்குக் கணக்கு ஏன்?" என்றாள்.

கடலுக்குள் மறைந்து திரியும் ஒரு விலங்கை எப்படி எண்ணுவது? ஒரு பருவத்தில் ஐம்பது திமிங்கிலங்களைப் படம் பிடித்து அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பருவத்தில் நாற்பது திமிங்கிலங்களைப் பார்க்கிறோம். அவற்றுள் பத்து ஏற்கெனவே தெரிந்தவை. அப்படியென்றால் நாம் அடையாளம் வைத்தவை மொத்தத்தில் கால் பங்கு என்று கொள்ளலாம். ஆகவே மொத்தம் ஏறத்தாழ இருநூறு. குளத்து மீனை எண்ணுவதும் இந்த முறையில்தான். உண்மையில் கணக்கு இதைவிடச் சிக்கலானது. பிறப்பு, இறப்பு, வெளியேறுதல் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். அங்கேதான் புள்ளிவிபரவியல் வருகின்றது. அவள் கைத்தொலைபேசியை எடுத்து அந்த எண்களைத் தானே போட்டுப் பார்த்தாள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் அடங்கிப் பேச வேண்டியிருந்தது. வெள்ளைக்காரருடைய கதைகளைச் சொல்லிப் பிள்ளைகளை உற்சாகப்படுத்துவது எளிது. கிளார்க்குக்குப் போருக்குப் பின்னர் படிக்க உதவித்தொகை கிடைத்தது. வைட்ஹெட்டுக்குக் கணிதத்திலிருந்து விலங்கியலுக்குப் போகக் கதவு திறந்திருந்தது. எங்கள் நாட்டில் பதினாறு வயதில் ஒரு பிரிவைத் தெரிவு செய்தால், அந்தப் பிரிவே பெரும்பாலும் உங்களுடைய பிறப்புச் சான்றிதழ் போல ஆகிவிடும். ஒரு கற்கைநெறிக்குப் பதிவு செய்துவிட்டால், அடுத்த ஆண்டு வேறொன்றுக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பும் பொதுவாகப் போய்விடும். இதையும் அவளுக்குச் சொன்னேன். சொல்லாமல் விடுவது ஏமாற்று.

இன்னொன்றையும் சொன்னேன். மொழிவாரித் தரப்படுத்தல் போய், மாவட்ட ஒதுக்கீடு பல வடிவங்கள் மாறி, இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமையிலும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாக அனுமதி நடக்கின்றது. திருகோணமலையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. அளவுகோல் இசற் புள்ளி. ஒரு மாணவரின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரித்தால் வருவது அது. 2011 ஆம் ஆண்டுப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் எழுதியவர்களை ஒன்றாகச் சேர்த்துக் கணித்த குழப்பம் உயர் நீதிமன்றம் வரை போய், 2012 இல் அந்தக் கணிப்பு இரத்துச் செய்யப்பட்டது. அதைப் பற்றி எழுத வேண்டிய பொறுப்பு அப்போது எனக்கு வந்தது. நியம விலகல் என்றால் என்னவென்று ஐம்பத்தெட்டு வயதில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு இரவுகள். பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டேன். கட்டுரை முடிந்த பின்பும் போட்டுக்கொண்டே இருந்தேன். நான் எதை விட்டுவிட்டு வந்தேன் என்பது அந்த இரண்டு இரவுகளில்தான் எனக்கு முழுமையாகத் தெரிந்தது. ஆனால், விட்டது முற்றாகப் போய்விடவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"அப்படியென்றால் நான் என்ன செய்யட்டும், தாத்தா?"

நான் செய்ய நினைத்தது ஒன்று, செய்தது வேறொன்று. மாத்தறைக்குப் போ என்று சொல்லவே வாய் வந்தது. ஆனால் என் தந்தையார் ஒரு கடதாசியில் எண்களை எழுதி என் முன்னால் வைத்ததற்கும், நான் இரண்டு பெரிய மனிதர்களின் கதையை அவள் முன்னால் வைப்பதற்கும் என்ன வேறுபாடு? இரண்டும் ஒரு வயதானவர் தம் ஏமாற்றத்தைப் பிள்ளையின் தோளில் ஏற்றும் வேலைதான். அதனால் அறிவுரை சொல்லவில்லை. பேராதனைக் கடிதம் வந்ததையும், இறுதித் திகதியன்று விறாந்தையில் தந்தையார் இருந்த இருப்பையும் மட்டும் சொன்னேன். இதுவரை என் மனைவியைத் தவிர எவருக்கும் சொல்லாதது.

அவள் நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திமிங்கிலம் எதுவும் வரவில்லை. இறங்கும்போது ஒரேயொரு கேள்வி கேட்டாள். "அன்றைக்கு நீங்கள் ஏன் எழும்பிப் போய், 'அப்பா, நான் போறேன்' என்று சொல்லவில்லை?"

எனக்கு இன்றுவரை விடை தெரியாத கேள்வி அது. பயம் என்று சொல்லலாம். மரியாதை என்றும் சொல்லலாம். உண்மை அநேகமாக இதுதான்: இன்னும் ஒரு தடவை எழுதினால் கிடைத்துவிடும் என்று நானும் உள்ளூர நம்பினேன். மூன்றாவது தடவை என்பது தந்தையாருடைய ஆசை மட்டுமல்ல, என்னுடைய அகந்தையும்தான். அதையும் அவளிடம் சொன்னேன்.

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து இதை வாசிக்கும் நண்பர்கள், "இங்கே அப்படியில்லை, பிள்ளைகள் விரும்பியதைப் படிக்கிறார்கள்" என்று எழுதக்கூடும். நல்லது. ஆனால் உங்கள் வரவேற்பறைகளிலும் அந்தச் சாய்மனைக் கதிரை எங்காவது ஒரு மூலையில் இருக்கின்றதா என்று ஒரு தடவை பாருங்கள். கப்பல் போனபோது வேலை இழந்தவனின் பயமும், அகதியாக வந்திறங்கியவனின் பயமும் ஒன்றுதான். நிச்சயமான தொழில் ஒன்றைப் பிள்ளையின் தலையில் கவிழ்த்துவிட்டால் தன் பயம் தீரும் என்று அது நினைக்கும். அந்தப் பயத்தை நான் இகழவில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆனால் எந்தப் பாடம் என்ற கேள்விக்கு அந்தப் பயம் மட்டுமே விடை எழுதக் கூடாது.

நான் கொழும்புக்குத் திரும்பிவிட்டேன். பதிவுக்கான இறுதித் திகதி ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலையிலிருந்து தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அழைக்கவில்லை. அழைத்தால் நானும் விறாந்தையில் போய் உட்கார்ந்தவன் ஆகிவிடுவேன் என்று தோன்றிற்று. பிற்பகல் மூன்று மணியளவில் பேத்தியிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"தாத்தா, மாத்தறையில் மீன் என்ன விலை என்று அம்மா கேட்கிறா."

எழுந்து போய் மனைவியிடம் தேநீர் கேட்டேன்.